பீலிக் கங்காணியும் முப்பது கல்லொட்டிகளும்

உலகத்தில் மீன் பிடித்தவர்கள் உண்டு. மீன் வளர்த்தவர்கள் உண்டு. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் புண்ணியம் தேடியவர்கள் உண்டு. ஆனால் மீன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுத்த மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் எஸ்டேட்டின் பீலிக் கங்காணி.

தேவர்சோலைக்கு மேலே எங்கள் எஸ்டேட். லைன் என்று சொல்லும் வரிசை வீடுகள் மூன்று, ஒரு ஃபேக்டரி, ஒரு மளிகைக்கடை, ஒரு மாரியம்மன். மூன்று லைனுக்கும் சேர்த்து ஒரே ஒரு தண்ணீர். சோலையிலிருந்து இறங்கும் ஓடை ஓர் அகலமான பாறையில் விரிந்து, முழங்கால் நனையாத ஆழத்தில் வேகமாக ஓடி, அங்கிருந்து ஒரு இரும்புக் குழாய் வழியாகக் கீழே கொட்டும். நாங்கள் அதைக் குழாயடி என்போம். சிலோன் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் பீலி என்பார்கள். அவர்கள் எண்ணிக்கையிலும் அதிகம், குரலிலும் அதிகம். அதனால் பீலி என்ற பெயரே நின்றுவிட்டது.

பீலியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் உண்டு. பாறையில் விழும் இலை தழையை அள்ள வேண்டும். காலையில் குழாய் வாயில் இருக்கும் பலகையைத் தூக்கித் தண்ணீர் விட வேண்டும். பாறையில் பாசி பிடிக்காமல் தேய்க்க வேண்டும். இந்த வேலைக்குத்தான் அவர் வந்தார். சிலோனிலிருந்து தனியாக வந்தவர். ஒரு தகரப் பெட்டி, ஒரு பழைய கோட்டு, வீங்கின ஒரு முழங்கால். அவ்வளவுதான் உடைமை.

கங்காணி என்றால் முப்பது நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிறவர். இவருக்குக் கீழே ஒரு ஆளும் கிடையாது. ஆனாலும் வந்த முதல் நாளே தன்னைக் கங்காணி என்றுதான் சொல்லிக்கொண்டார்.

எங்கள் லைனில் முதல் வீடு செல்லம்மா அக்கா வீடு. ஒரு கேள்வி கேட்காமல் குடத்தைத் தூக்க மாட்டார்.

"ஆளே இல்லாம என்ன கங்காணிங்க நீங்க?"

"ஆளு இல்லேன்னு ஒனக்கு யாரு சொன்னா? முப்பது பேரு இருக்காங்க. வந்து பாரு."

குடத்தோடு செல்லம்மா அக்காவும், வேடிக்கை பார்க்க நாங்கள் நாலைந்து பேரும் மேலே போனோம். பாறையைக் காட்டினார். பாறைதான் தெரிந்தது. "குனிஞ்சு பாருங்க" என்றார். குனிந்து பார்த்தோம். பாறையில் அங்கங்கே ஒரு துண்டுக்கு வால் இருந்தது.

கல்லொட்டி மீன். விரல் நீளம்தான் இருக்கும். மேலே பாறையின் நிறம், கீழே தட்டை வயிறு. வாய் முகத்தில் இருக்காது, முகத்துக்கு அடியில் இருக்கும். வாயைச் சுற்றிச் சின்னதாக ஒரு வட்டு. அதை வைத்துப் பாறையைக் கவ்விக்கொள்ளும். மற்ற மீனெல்லாம் தண்ணீரோடு அடித்துக்கொண்டு போகிற இடத்தில், இது மட்டும் வீட்டுச் சாவியைத் தொலைத்தவன் வாசலிலேயே கிடப்பது மாதிரி கிடக்கும். கிடந்தபடியே பாறையில் உள்ள பாசியைச் சுரண்டித் தின்னும்.

"பாசி தேய்க்கிறது யாரு? நானா? இவங்கதான். நமக்கு மேற்பார்வை மட்டும்தான்" என்றார் கங்காணி.

தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் எடுப்பதற்குச் சிலோன்காரர்கள் பெரட்டு என்பார்கள். எங்கள் பீலியிலும் தினமும் பெரட்டு நடந்தது. கங்காணி கோட்டை மாட்டிக்கொண்டு, நல்ல முழங்காலை மடக்கி, கெட்ட முழங்காலை நீட்டி, பாறை ஓரத்தில் உட்கார்ந்து எண்ணுவார். "இருபத்தாறு. நாலு பேரு லேட்டு." கொஞ்ச நேரம் காத்திருப்பார். கல்லிடுக்கிலிருந்து ஒன்று ஊர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். "வா வா. இன்னிக்கு ஒனக்கு அரைப் பேருதான்." அரைப் பேர் என்றால் அரை நாள் கணக்கு. அந்த மீன் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் பாறைப் பக்கமே போக மாட்டார். எதற்கு என்று ஒரு நாள் செல்லம்மா அக்கா கேட்டார்.

"மேல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா அதுகளுக்கு வேலை செய்யணுமேன்னு இருக்கும். ஒரு நாளாச்சும் நம்ம மூஞ்சியப் பாக்காம இருக்கட்டும்."

பைத்தியம் என்று சொல்லிவிடலாம். எங்கள் லைனில் பாதிப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். அவர் அதற்கெல்லாம் கோபப்படவே மாட்டார். ஒரு தடவை மட்டும், பீடி பிடித்துக்கொண்டிருக்கும்போது, தானாகவே சொன்னார்.

"அங்க ஒரு கங்காணி என்னைய முப்பது வருசம் வெரட்டுனான், தம்பி. நிமிந்தா ஏச்சு, குனிஞ்சா ஏச்சு. அப்பவே நெனச்சேன், நான் கங்காணியானா ஒருத்தனையும் ஏசக்கூடாதுன்னு. கடவுளும் பாத்து, ஏசுனாலும் காது கேக்காத ஆளுகளாக் குடுத்துட்டாரு."

அவருடைய ஒரே எதிரி ஒரு மீன்கொத்தி. அதை "ஆள் கடத்துறவன்" என்றுதான் சொல்வார். அதை விரட்டத் தன் கோட்டைக் கழற்றி ஒரு கம்பில் மாட்டி, மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்து, பாறைக்குப் பக்கத்தில் நட்டு வைத்தார். மறுநாள் பார்த்தால் மீன்கொத்தி அந்தச் சட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு, முன்பைவிட வசதியாக மீன் பார்த்துக்கொண்டிருந்தது. கங்காணி குளிரில் நடுங்கிக்கொண்டே கோட்டைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டார். அதன் பிறகு தானே அந்த இடத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு நிற்பது பொம்மையா, கங்காணியா என்று தெரியாது. புதிதாக வந்த தபால்காரர் அவருக்குப் பக்கத்திலேயே நின்று ஒண்ணுக்குப் போக ஆரம்பித்து, பொம்மை "டேய்!" என்று கத்தவும் பாதியில் ஓடினார் என்று சொல்வார்கள். நான் பார்க்கவில்லை.

கண்டக்டர் வந்த கதையை மட்டும் கண்ணால் பார்த்தேன். எஸ்டேட்டில் கண்டக்டர் என்றால் ஆட்களை வேலைக்கு அனுப்பும் உத்தியோகஸ்தர். பஸ் கண்டக்டர் சீட்டுக் கொடுப்பார், இவர் சீட்டைக் கிழிப்பார். புதிதாக வந்திருந்தார். யார் யாருக்குக் கீழே எத்தனை பேர் என்று விசாரித்துக்கொண்டே வந்தவர், இவரையும் கேட்டார்.

"முப்பது பேருங்க சார்."

"முப்பதா? பேரே பதியலையே! எத்தனை மணிக்கு வேலைக்கு வராங்க?"

"எங்கயும் போறதே இல்லீங்க சார். ராப்பகலா அங்கதான்."

"சாப்பாடு?"

"வேலைதான் சாப்பாடு."

கண்டக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நாளைக்குக் காலைல அத்தனை பேரையும் ஆபீசுக்குக் கூட்டிட்டு வா."

"வெளிய கூட்டியாந்தா செத்துருவாங்க சார்."

அடைத்து வைத்து வேலை வாங்குகிறான் என்றே கண்டக்டர் முடிவு செய்துவிட்டார். இரண்டு வாட்சுமேன்களைக் கூட்டிக்கொண்டு முப்பது பேரை மீட்க மலை ஏறினார். "எங்க? எங்க?" என்று கேட்டார். கங்காணி தண்ணீரைக் காட்டினார். "எங்கய்யா?" என்று இன்னும் குனிந்தார். கல்லொட்டிக்குத்தான் அந்தப் பாறை பிடிக்கும், பூட்ஸுக்குப் பிடிக்காது. அவர் உட்கார்ந்த இடத்தில் ஆழம் அரையடிதான். ஆனால் அந்தத் தண்ணீரின் குளிர் எங்களுக்குத் தெரியும். எழுந்து நின்று கங்காணியை ஒரு பார்வை பார்த்தார். என்றைக்காவது ஒரு நாள் மாட்டுவாய் என்று அந்தப் பார்வையில் எழுதியிருந்தது.

பீலியில் கங்காணி வைத்த சட்டம் ஒன்றுதான். குழாய்க்குக் கீழே எதுவும் செய்யலாம். மேலே யாரும் சோப்புப் போடக் கூடாது. ஒரு துணியை அலசினால்கூட ஓடி வருவார்.

"என் ஆளுகளுக்குக் கண்ணு எரியும்!"

"எங்க புருசன்மாருக்கு எங்க கண்ணு எரியறது தெரியல, இவருக்கு மீனு கண்ணு எரியறது தெரியுது" என்பார் செல்லம்மா அக்கா. ஆனால் அவரும் கீழே வந்துதான் துவைப்பார்.

இப்படி இருக்கும்போது எனக்குக் கல்யாணம் வந்தது.

நான் ஃபேக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் வேலை. கூச்சம் அதிகம். பஸ்ஸில் என் ஊர் வந்தால் "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் யாராவது இறங்கும்போது இறங்கி நடந்து வந்திருக்கிறேன். பெண் காரமடைப் பக்கம். எங்கள் குடும்பமும் அப்பா காலத்தில் அங்கிருந்து மலை ஏறியதுதான். பெண் பார்க்கப் போனபோது நான் பார்த்தது காபி டம்ளரை மட்டும்தான். பெண்ணின் முகம் எனக்கு நினைவே இல்லை. டம்ளரின் விளிம்பில் ஒரு சொட்டை இருந்தது, அது நினைவிருக்கிறது.

எங்கள் வீட்டு வழக்கப்படி கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். லைனுக்கு முன்னால் பந்தல் போட்டோம். முந்தின நாள் சாயங்காலம் பெண் வீட்டார் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைவர் பெண்ணின் தாய்மாமன். முறுக்கு மீசை. இறங்கும்போதே ஒரு சாக்குப்பையைத் தானே தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

"என்னங்க அது?" என்று அம்மா கேட்டது.

"அரப்புங்க. மலையில நல்ல அரப்புக் கெடைக்காதுன்னு சொன்னாங்க. என்ற தோட்டத்து மரமுங்க. நானே நின்னு இடிச்சுக் கொண்டாந்தேன்."

அரப்பு என்பது அரப்பு மரத்து இலையைக் காய வைத்து இடித்த பொடி. மலைக்குக் கீழே எண்ணெய் தேய்த்துக் குளித்தால் தலைக்குச் சோப்புப் போட மாட்டார்கள், அரப்புத்தான். கல்யாணத்தன்று விடியற்காலையில் மாப்பிள்ளைக்கு ஐந்து பெண்கள் எண்ணெய் வைத்து அரப்புத் தேய்ப்பது எங்கள் சனத்தின் சடங்கு.

விடிந்தும் விடியாத நேரம். முக்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். ஐந்து பெண்கள் வந்து எண்ணெய் வைத்தார்கள். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். ஆனால் சட்டையில்லாமல், காதில் எண்ணெய் வழிய நிமிர்ந்து பார்த்தால், பெண் வீட்டுப் பெண்பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் சுவரோரம் வரிசையாக நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அரப்புக் கரைத்து வைத்திருந்த பேசினைத் தூக்கிக்கொண்டு, "நானே தேய்ச்சுக்கிறேன்" என்று எழுந்து நடந்தேன்.

"மாப்பிள்ளை, கஞ்சத்தனம் பண்ணாம வெச்சுத் தேயுங்க!" என்று மாமன் பின்னால் கத்தினார். "மலைக்குளிருக்கு எண்ணெய் லேசுல எறங்காதுங்க!" என்று இன்னொரு படிப் பொடியையும் பேசினில் கொட்டிவிட்டார்.

குழாயடியிலும் கூட்டம். அதனால் மேலே ஏறினேன். பாறையையும் தாண்டி, ஓடை ஒரு செடிப் புதருக்குப் பின்னால் வளைகிற இடம். அங்கே யாரும் பார்க்க முடியாது. கங்காணியின் சட்டம் ஞாபகம் இருந்தது. ஆனால் சட்டம் சோப்புக்குத்தானே? அரப்பு இலை. ஓடையில் தினமும் எத்தனையோ இலை விழுகிறது. இப்படி நினைத்துக்கொண்டு, கஞ்சத்தனம் பண்ணாமல் தேய்த்தேன். பச்சை நுரை கல்லுக்குக் கல் தாவிக்கொண்டு கீழே போனது. நல்ல குளியல். அவ்வளவு நிம்மதியாக அந்த வாரம் முழுவதும் நான் இருந்ததில்லை.

திரும்பி வந்து, வேட்டி கட்டி, தலையில் உருமால் கட்டி முடிப்பதற்குள் கீழே சத்தம்.

பீலியில் தண்ணீர் நின்றுவிட்டது. கங்காணி குழாய் வாயில் பலகையை இறக்கி, அதன் மேல் ஒரு பாறாங்கல்லை வைத்து, கல்லின் மேல் தான் உட்கார்ந்திருந்தார்.

"ஒருத்தரும் ஒரு சொட்டு எடுக்கக் கூடாது. என் ஆளுக அத்தன பேரும் கைய விட்டுட்டாங்க."

எட்டிப் பார்த்தேன். பாறை ஓரத்துத் தேக்கத்தில் கல்லொட்டிகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அவற்றின் வயிற்றை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். பச்சை நுரை போன வழி எனக்கு ஞாபகம் வந்தது.

சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்றார். மூன்று அண்டாத் தண்ணீர் வேண்டிய இடத்தில் அவரிடம் அரை அண்டா இருந்தது. மாமன் வந்தார். மீசை துடித்தது.

"ஏனுங்க பெரியவரே, மீனுக்கு மயக்கம் வந்தா மனுசனுக்குச் சோறு ஆக்கக் கூடாதுங்களா?"

"மயக்கம் ஏன் வந்துச்சுன்னு தெரியிற வரைக்கும் கூடாதுங்க."

"மருந்தடிக்கிற ஆளுக டிரம்ம மேல கழுவிட்டாங்களோ என்னமோ" என்றார் செல்லம்மா அக்கா. அவர் அதைக் கேள்வியாகத்தான் கேட்டார். ஆனால் பந்தலுக்குப் போவதற்குள் அது செய்தியாகிவிட்டது. தண்ணீரில் விஷம். பெண் வீட்டுப் பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. மாமன் திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. அது கத்துவதைவிடப் பயமாக இருந்தது.

"சம்மந்தியம்மா, கோவிச்சுக்காதீங்க. வெசத் தண்ணி குடிக்கிற ஊருக்கு என்ற பொண்ண எப்படிங்க உட்டுட்டுப் போறது? பஸ்ஸு நிக்குது. இன்னொரு நாள் பாத்துக்கலாமுங்க."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது.

அப்போதுதான் கண்டக்டர் வந்தார். கல்யாணத்துக்கென்று வெள்ளைப் பேண்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டார். கங்காணியைப் பார்த்தார். அந்த 'என்றைக்காவது ஒரு நாள்' இன்றைக்குத்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பலகைய எடு."

"இல்லீங்க சார்."

"யாரும் மேல டிரம் கழுவல. நான்தான் நேத்து பூரா அவங்களோட இருந்தேன். பலகைய எடு. இல்லேன்னா நாளைலருந்து நீ கவாத்துக்குப் போற."

கவாத்து என்றால் சரிவில் நின்று நாள் முழுவதும் தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டுவது. அறுபது வயதில், அந்த முழங்காலோடு, கவாத்துக்கு அனுப்புவதும் ஊரை விட்டு அனுப்புவதும் ஒன்றுதான்.

கங்காணி கல்லை விட்டு எழுந்திருக்கவில்லை. "அனுப்புங்க சார். ஆனா போன வருசம் பெருமழைல மேல இருந்த மரமே பேத்துக்கிட்டு வந்துச்சு. அப்பக்கூட ஒருத்தன் கைய விடல. இன்னிக்கு முப்பது பேரும் விட்டிருக்காங்கன்னா தண்ணில என்னமோ இருக்கு. கல்யாணத்துக்கு வந்த சனங்க, பச்சப்புள்ளைங்க எல்லாம் இருக்கு. எனக்கு வேலை போனாப் போவுது."

நான் உருமாலோடு கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். சொல்ல வேண்டியது ஒரே வரிதான். அந்த வரி தொண்டை வரைக்கும் வந்து, அங்கே கல்லொட்டி மாதிரி ஒட்டிக்கொண்டது. நூறு பேர் இருந்தார்கள். பெண் வீட்டுப் பிள்ளைகள் மறுபடி வரிசையாக நின்றார்கள்.

பேச வராததால் நடந்தேன். கங்காணியிடம் போய், உருமாலைக் கழற்றி, குனிந்து, என் தலையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

ஆசீர்வாதம் கேட்கிறேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவரும் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. ஒரு தரம் முகர்ந்தார். கண்ணை மூடி இன்னொரு தரம் முகர்ந்தார். "அரப்பு?" என்று உதட்டை மட்டும் அசைத்தார். தலையாட்டினேன். "எங்க?" ஓடையின் மேல் பக்கம் கண்ணைக் காட்டினேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு எழுந்து, பாறாங்கல்லைத் தள்ளி, பலகையைத் தூக்கினார்.

"தண்ணில ஒண்ணுமில்ல சார். அரை மணி ஓட விட்டுட்டு எடுத்துக்கலாம். எனக்குத்தான் கண்ணு சரியாத் தெரியல."

"அப்ப மீனு ஏன் மெதக்குது?"

"தூங்குதுக சார்."

"முப்பதும் சேந்தா?"

கங்காணி பலகையை ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

"சரி. நாளைக்குக் காலைல கத்தியோட கவாத்துக்கு வந்துரு."

"வர்றேன் சார்."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. தண்ணீர் வந்துவிட்டது, பஸ் போகாது, கல்யாணம் நடக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. நான் உருமாலை மறுபடி கட்டிக்கொண்டால் போதும். கட்டத்தான் கையைத் தூக்கினேன். கங்காணி அதற்குள் தண்ணீரில் இறங்கி, மிதந்த ஒரு கல்லொட்டியை உள்ளங்கையில் ஏந்தி, "என்னய்யா, என்னாச்சு ஒனக்கு" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க!" என்றேன்.

ஃபேக்டரியில் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். எனக்கு மெதுவாகப் பேசத் தெரியும் அல்லது அப்படித்தான் கத்தத் தெரியும், இரண்டுக்கும் நடுவில் ஒன்று கிடையாது. கீழ் லைன் வரைக்கும் கேட்டிருக்கும்.

"நான்தாங்க சார் மேல போய் அரப்புத் தேச்சுக் குளிச்சேன்! பொம்பளப் புள்ளைங்க பாத்தாங்க, வெக்கமா இருந்துச்சு! கங்காணியண்ணன் மேல ஒரு தப்பும் இல்லீங்க!"

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. பிறகு லைன் வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. ஒரே ஒரு குரல். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த ஜன்னலுக்குள் மணப்பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

மாமன் மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு பெருமை ஏறியது.

"முப்பதையும் சாச்சுப் போட்டுருச்சுங்களா? ஒரு தலை தேச்ச அரப்புலயா?" சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "என்ற தோட்டத்து மரமுங்க. நானே நின்னு இடிச்சேன்!"

"பெருமைய அப்புறம் பாத்துக்கலாம். எறங்கிப் புடிங்க" என்றார் கங்காணி. "ஓடுற நல்ல தண்ணில, தலைய மேல் பக்கம் வெச்சுப் புடிச்சுக்கிட்டா மூச்சு வரும். சீக்கிரம்!"

யாரும் எதிர்பார்க்காதது, செல்லம்மா அக்கா முதல் ஆளாகச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கியதுதான். அவருக்குப் பின்னால் சுவரோரம் நின்ற பிள்ளைகள் இறங்கினார்கள். மாமன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கண்டக்டர் கரையில் நின்று, "இடது பக்கம் ஒண்ணு போகுது! அந்தா, அந்தா!" என்று கைகாட்டினார். யாரும் கவனிக்காததால் தானே எட்டிப் பிடிக்கப் போனார். அந்தப் பாறை அவரை மறக்கவில்லை. வெள்ளைப் பேண்டோடு உட்கார்ந்தார். ஆனால் எழுந்திருக்காமல், உட்கார்ந்தபடியே, இரண்டு கையிலும் ஒரு கல்லொட்டியைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டிருந்தார். "ஆடுதுய்யா! வாலு ஆடுது!" என்று கத்தினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நாங்கள் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

நானும் இறங்கப் போனேன். "நீ எங்கடா வர்ற? இன்னும் தலைல வெசத்த வெச்சுக்கிட்டு! போய்த் தாலியக் கட்டு!" என்று கங்காணி துரத்தினார்.

முகூர்த்தம் முடியக் கால்மணி நேரம் இருக்கும்போது தாலி கட்டினேன். பந்தலில் இருந்த பாதிப் பேருக்கு முழங்கால் வரைக்கும் ஈரம்.

இருபத்தாறு பிழைத்தன. நாலு பிழைக்கவில்லை. கங்காணி அந்த நாலையும் ஒரு சேம்பிலையில் மடித்து எடுத்துக்கொண்டு போனார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

கண்டக்டர் கிளம்பும்போது, "கவாத்துக்கு ஆள் இருக்கு" என்று யாரிடமோ சொல்வது போல மரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பேண்ட் மாற்றப் போனார்.

பந்தி போட மூன்று மணி ஆகிவிட்டது. இலை போட்டு, சோறு வைத்து, டம்ளரில் தண்ணீரும் ஊற்றியாயிற்று. யாரும் கை வைக்கவில்லை. பெண் வீட்டுக் கிழவர் ஒருவர் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அரப்புத் தண்ணியக் குடிச்சா வயித்துக்குள்ள நொரைக்காதுங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். எல்லா டம்ளரும் இலைக்கு அந்தப் பக்கம் நகர்ந்தன. வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால், எல்லோரும் ஒரே சமயத்தில் மேடையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்கள். என் கூச்சம் கழுத்து மாலைக்கு வெளியே வழிந்தது.

கங்காணி பந்தலுக்குள் வந்தார். ஒரு நாற்காலியை இழுத்து நட்டநடுவில் போட்டு உட்கார்ந்தார். ஒரு செம்புத் தண்ணீரை வாங்கி, அண்ணாந்து, கீழே வைக்காமல் குடித்தார்.

"அரை மணி நேரம் எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருங்க. நான் செத்துட்டா நீங்க குடிக்க வேணாம்."

நூறு பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் காலை நீட்டினார். மீசையைத் தடவினார். ஏப்பம் விட்டார். பந்தலே நடுங்கியது. "நொரையாங்க?" என்று கிழவர் கேட்டார். "பசிங்க. ஒரு வடை குடுக்கச் சொல்லுங்க" என்றார். வடை வந்தது. ஒரு தரம் தலையைத் தொங்கப் போட்டுக் கண்ணை மூடினார். அம்மா "ஐயோ சாமி!" என்று அலறியது. ஒரு கண்ணைத் திறந்து, "இன்னொரு வடை" என்றார்.

அரை மணி கழித்து எல்லோரும் சாப்பிட்டார்கள். தண்ணீர் போதாமல் மறுபடி எடுக்கப் போனார்கள்.

பிறகு ஒரு நாள் அவரிடம் கேட்டேன். அரப்புத் தண்ணீர் மீனுக்குத்தான் மூச்சடைக்கும், மனிதனை ஒன்றும் செய்யாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சொன்னாலே கேட்டிருப்பார்கள். எதற்கு அப்படி அரை மணி நேரம் உட்கார வேண்டும்?

"ஒன் மூஞ்சியப் பாத்தேன், தம்பி. அத்தன பேரும் ஒன்னையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை நீ எப்படிப் பேசுவ? செத்த நேரம் என்னைப் பாக்கட்டும்னு உக்காந்தேன்."

அவர் நினைத்தபடியேதான் நடந்தது. அந்த அரை மணி நேரம் பந்தலில் ஒருவர்கூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. நான் பக்கத்தில் திரும்பி, "குளுருதா?" என்று கேட்டேன். "இல்லீங்க" என்றாள் என் மனைவி. அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.